கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி

தஞ்சோங் மாலிம் சின்ன ஊர். பேராக்கின் தெற்கு எல்லை. பெர்னாம் ஆற்றைத் தாண்டிவிட்டால் சிலாங்கூர். ஆனால் இந்த ஊருக்குள் பணம் வரும் வழிகளை எண்ணினால் பெரிய பட்டணங்களே தோற்றுப்போகும். மாதக் கடைசியில் புரோட்டோன் கார் தொழிற்சாலைச் சம்பளம். பருவத் தொடக்கத்தில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு பி.டி.பி.டி.என். கல்விக் கடன். பேராங், காத்தோயாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களின் கூலி. விடியுமுன் கொமுட்டர் ரயில் பிடித்துக் கோலாலம்பூர் போய் இருட்டியபின் திரும்புகிறவர்கள் கொண்டுவரும் சம்பளம். இவற்றோடு அரசாங்க உதவித்தொகை.

வரும் வழிதான் இத்தனை. போகும் வழி எல்லாருக்கும் ஒன்றுதான்: கார் தவணை, மோட்டார் சைக்கிள் தவணை, கைப்பேசித் தவணை, வீட்டு வாடகை, பிள்ளையின் டியூஷன். இருபதாம் தேதி வந்தால் யாரிடமாவது கைமாற்று.

“நம்ம ஆளுங்களுக்குக் காசைக் கையில வெச்சுக்கத் தெரியாது” என்று நம்மவர்களே சொல்லும் பேச்சு ஒன்று உண்டு. கல்யாண மண்டபத்தில் கேட்கலாம், அரசியல் மேடையிலும் கேட்கலாம். சொல்கிறவர் குரலில் கொஞ்சம் வருத்தமும் நிறையப் பெருமிதமும் இருக்கும், தாம் மட்டும் அந்தக் கூட்டத்தில் சேர்த்தியில்லை என்பதுபோல. இந்தப் பேச்சு தவறு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தோட்டத்து லயத்தில் ஐந்து பிள்ளைகளை வளர்த்து, இரண்டு பேரைப் படிக்கவைத்து, மகளுக்கு ஏழெட்டுப் பவுன் சேர்த்த அம்மாவுக்குச் சிக்கனத்தைப் பற்றி எந்த வங்கி அதிகாரியும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சேமிக்கத் தெரியாத சமூகமல்ல இது. நமக்கு இல்லாமல் போனது வேறொன்று: சேமித்த காசை நீட்டும் இடத்தில் கேள்வி கேட்கும் பழக்கம்.

அந்தப் பழக்கம் ஏன் வரவில்லை? பழைய 555 நோட்டை எடுத்துப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன நோட்டு. அட்டையில் 555 என்று அச்சடித்திருக்கும். மளிகைக் கடையில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் கடனுக்கு வாங்கினால் அதில்தான் ஏறும். எழுதுகிறவர் கடைக்காரர், மாதக் கடைசியில் கூட்டுகிறவரும் அவரே. தோட்டத்து வேலையிலும் அப்படித்தான்: பெரட்டுக் களத்தில் பேர் பதிவதும் செக்ரோலில் நாள் கணக்கு எழுதுவதும் கிராணி எனும் தோட்டத்து எழுத்தர். சம்பளத்தில் என்ன பிடித்தம் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். பால் வெட்டியவரின் வாழ்க்கைக் கணக்கு முழுவதும் வேறொருவர் கையெழுத்தில் இருந்தது. கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்லவரவில்லை. பலர் நல்ல மனிதர்கள், வேலை நிறுத்தக் காலத்தில் கடன் கொடுத்துச் சோறு போட்டவர்கள். ஆனால் கணக்கைச் சரிபார்ப்பது அவரைச் சந்தேகப்படுவதாகும், சந்தேகப்படுவது மரியாதைக் குறைவு என்ற நினைப்பு அங்கேதான் ஊறியது. தோட்டம் போய்விட்டது, லயம் இடிந்து தாமான் வந்துவிட்டது, நினைப்பு மட்டும் நம்மோடு குடிமாறி வந்திருக்கிறது.

இந்த நினைப்பு இருந்த காலத்திலேயே நம்மவர்கள் செய்து காட்டிய பெரிய காரியம் ஒன்று இருக்கிறது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். துண்டாடிய தோட்டத்தில் வேலை போனது; வேலையோடு லயத்து வீடும் போனது, ஆயக்கொட்டகை போனது, தமிழ்ப்பள்ளி போனது. அப்போது அமைச்சராக இருந்த வீ.தி. சம்பந்தன், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு ஒன்று 100 வெள்ளி. மொத்தமாகக் கட்ட முடியாதவர் மாதம் 10 வெள்ளி கட்டலாம். நாள் கூலி சில வெள்ளியாகவே இருந்த காலம் அது. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார் சம்பந்தன். பாட்டாளிகள் கட்டினார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பிறகு ஒவ்வொன்றாகப் பல தோட்டங்கள். கூலிக்காரர் தாம் வேலை செய்யும் மண்ணுக்குப் பங்குதாரரானார்.

அவர் மேல் வைத்த நம்பிக்கையால் கட்டினார்கள் என்று சொல்லலாம், உண்மைதான். ஆனால் நம்பிக்கை மட்டுமல்ல. எதற்குக் கட்டுகிறோம் என்பது கட்டிய ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. காசு ரப்பர்த் தோட்டமாகிறது. தோட்டம் எப்படி நடக்கும், ஓர் ஏக்கரில் எத்தனை மரம், மழைக்காலத்தில் எத்தனை நாள் வெட்டு இல்லை என்பதெல்லாம் எந்தக் கணக்காளரையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். படிப்பறிவு இல்லாத பாட்டாளி அந்த ஒரு முதலீட்டைப் பொறுத்தவரை நாட்டிலேயே விவரமான முதலீட்டாளர்.

இதற்கு நேர் எதிரான கதையும் நம்மிடமே இருக்கிறது. 1982இல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) முன்னின்று அமைத்த மைக்கா ஹோல்டிங்ஸ். அப்போது கட்சித் தலைவர் ச. சாமிவேலு, சம்பந்தனுக்குப் பின் அதே சுங்கை சிப்புட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். இந்தியர்களின் பங்குடைமையை உயர்த்தும் கனவு. சுமார் 66,000 பேர் 10 கோடியே 60 லட்சம் வெள்ளி கொடுத்தார்கள். நகையை அடகு வைத்தவர்கள் உண்டு, கடன் வாங்கிக் கட்டியவர்கள் உண்டு. 1990இல் அந்த நிறுவனத்துக்கென்று ஒதுக்கிய ஒரு கோடி டெலிகோம் பங்குகளில் 10 லட்சம் மட்டுமே அதற்குப் போய்ச் சேர்ந்தது என்ற சர்ச்சை பல ஆண்டுகள் புகைந்தது. அதில் யார் மீதும் வழக்குத் தொடுக்கப்படவில்லை. அரசியலை அரசியல்வாதிகள் பேசட்டும். சாதாரணப் பங்குதாரரின் நிலை என்ன? பங்கு பங்குச் சந்தையில் பட்டியலாகவில்லை. ஆகவே விற்க நினைத்தாலும் விற்க இடமில்லை. 2010இல் ஒரு தனியார் நிறுவனம் முன்வந்து பங்குக்கு 80 காசு தருவதாகச் சொன்னது. ஒரு வெள்ளி கொடுத்து வாங்கிய பங்கு. கால் நூற்றாண்டு விலைவாசி ஏற்றத்தைக் கணக்கில் எடுத்தால் அந்த 80 காசின் மதிப்பு என்ன என்பதை வாசகர்களே சொல்லிவிடுவார்கள்.

இரண்டு முறையும் கட்டியவர்கள் ஏறத்தாழ அதே மக்கள்தான். முதலில் கட்டியவர்களின் பிள்ளைகள் பலர் இரண்டாவதில் கட்டினார்கள். பிள்ளைகள் பெற்றோரைவிட அதிகம் படித்தவர்கள். படிப்பு அவர்களைக் காப்பாற்றவில்லை. ‘ஹோல்டிங்ஸ்’ என்றால் காசு எங்கே போய் உட்காரும், ஆண்டறிக்கையை எங்கே பார்ப்பது, வேண்டாமென்றால் எப்படி வெளியே வருவது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால் இனத்துக்குத் துரோகம் என்பதுபோல ஒரு சூழல். நம்பிக்கையின் மேல் நம்பிக்கை.

இது தமிழருக்கு மட்டும் உரிய நோய் என்று யாராவது தலையாட்டினால் நிறுத்துங்கள். நம் பேராக்கின் தைப்பிங்கிலேயே 1980களில் பாக் மான் தெலோ என்பவரின் சட்டவிரோத வைப்புத் திட்டத்தில் சுமார் 50,000 பேர் 9 கோடியே 90 லட்சம் வெள்ளி போட்டார்கள், பெரும்பாலும் மலாய்க்காரர்கள். 1986இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 24 வைப்புக் கூட்டுறவுச் சங்கங்களை முடக்கியபோது சிக்கியவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். பெரும்பாலும் சீனர்கள், கணக்கில் புலி என்று நாம் எப்போதும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறவர்கள். ஒவ்வோர் இனமும் தன் இனத்தவரை நம்பித்தான் ஏமாந்தது. மோசடிக்காரன் எப்போதும் வீட்டு மொழியில்தான் பேசுவான்.

நிதியறிவைச் சோதிக்க உலகமெங்கும் மூன்று கேள்விகளைப் பயன்படுத்துகிறார்கள். அன்னமரியா லுசார்டி, ஒலிவியா மிட்செல் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் வகுத்தவை. 100 டாலரை ஆண்டுக்கு 2 விழுக்காட்டு வட்டியில் ஐந்து ஆண்டு விட்டால் 102ஐவிடக் கூடுமா? வட்டி 1 விழுக்காடு, விலைவாசி ஏற்றம் 2 விழுக்காடு என்றால் ஓராண்டு கழித்து அதே பணத்துக்கு அதிகப் பொருள் கிடைக்குமா? ஒரே கம்பெனியின் பங்கை வாங்குவது பாதுகாப்பா, பல பங்குகள் சேர்ந்த நிதியா? நல்ல கேள்விகள்தான். ஆனால் மூன்றுக்கும் சரியாக விடை சொல்லும் பட்டதாரி, மறுவாரம் டெலிகிராமில் வந்த ‘வாரம் 10 விழுக்காடு லாபம்’ திட்டத்தில் பணத்தைப் போடுவதை நாம் பார்க்கிறோம். கணக்கு தெரிந்தால் மட்டும் போதாது. நான்காவது கேள்வி ஒன்று வேண்டும்: போட்ட பணத்தை எப்போது, எப்படித் திரும்ப எடுக்கலாம்? தராவிட்டால் எந்த அலுவலகத்தில் போய் முறையிடலாம்? இதற்குப் பதில் வராத இடத்தில் எந்தக் கணக்கும் வீண்.

பழக வேண்டியது கையில் இருக்கும் காகிதத்தில் இருந்து. சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் ஊழியர் சேமநிதி வாரியமான இ.பி.எப்.புக்குத் தொழிலாளியின் 11 விழுக்காடு, 187 வெள்ளி பிடிக்கிறார்கள். “பிடிச்சுட்டாங்க” என்பதோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. முதலாளி தம் கையிலிருந்து 13 விழுக்காடு, 221 வெள்ளி சேர்த்துக் கட்ட வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆக மாதம் 408 வெள்ளி கணக்கில் ஏற வேண்டும். ஏறுகிறதா? கைப்பேசியில் இ.பி.எப். செயலியைத் திறந்தால் தெரிந்துவிடும். சீட்டில் பிடித்தம் காட்டிவிட்டு வாரியத்துக்குக் கட்டாத குத்தகையாளர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். மூன்று மாதத்தில் கண்டுபிடித்தால் புகார் கொடுத்து வசூலிக்க வழியுண்டு. ஐந்து வருடம் கழித்துக் கண்டுபிடிக்கும்போது அந்தக் குத்தகைக் கம்பெனியே இருக்காது. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ, வேலைக் காப்புறுதிப் பிடித்தங்களுக்கும் இதே கதி. வேலையிடத்தில் விரல் போனபின்தான் சொக்சோ கட்டவேயில்லை என்று தெரியவரும்.

இ.பி.எப். 1951இல் தொடங்கியது. தோட்டப் பாட்டாளிக்கு முதுமையில் கையில் காசு என்று முதன்முதலில் கொடுத்தது அதுதான். கோவிட் காலத்தில் நான்கு முறை அதைத் திறந்துவிட்டார்கள். மொத்தம் 14,500 கோடி வெள்ளி வெளியே போனது. எடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வேலை இல்லை, அடுப்பு எரிய வேண்டும். ஆனால் 2024 மே மாதத்திலிருந்து கணக்கு மூன்றாகப் பிரிந்து, புதிதாக வரும் சந்தாவில் 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய பகுதிக்குப் போகிறது. அவசரத்துக்கென்று வந்த வசதி அது. அதை மாதாமாதம் வழித்தெடுத்துப் புதுக் கைப்பேசி வாங்குகிறவருக்கு அந்தக் காலத் தோட்டக் கடைக் கடனே தேவலை, அரிசியாவது மிஞ்சியது.

அடுத்த காகிதம் கார் கடன் ஒப்பந்தம். கார் செய்யும் ஊர் என்பதால் தஞ்சோங் மாலிமில் இதைச் சொல்லாமல் முடியாது. 40,000 வெள்ளிக் கடன், ஃபிளாட் வட்டி 3.5 விழுக்காடு, ஒன்பது ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். விற்பனையாளர் சொல்வது, “மூணரை பர்சென்ட்தாண்ணே, மாசம் 487 வெள்ளி.” கணக்குப் போடுங்கள்: 40,000க்கு 3.5 விழுக்காடு 1,400. ஒன்பது ஆண்டுக்கு 12,600. மொத்தம் 52,600ஐ 108 மாதத்தால் வகுத்தால் 487 சரிதான். ஆனால் ஆறாவது ஆண்டில் பாதிக்கு மேல் அசலை அடைத்த பிறகும் முழு 40,000க்கே வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். குறைந்துவரும் அசலை வைத்துப் பார்த்தால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 6.3 விழுக்காட்டை ஒட்டி வரும். சொன்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. நாம் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்க வேண்டியது: “அண்ணே, எஃபெக்டிவ் வட்டி எவ்வளவு? மொத்தமா எவ்வளவு கட்டுவேன்?” இதைக் கேட்கிறவருக்கும் கேட்காதவருக்கும் அதே கார்தான் கிடைக்கும். ஆனால் கேட்டவர் ஒன்பது ஆண்டை ஏழாகக் குறைக்கலாமா என்று ஒருமுறை யோசிப்பார்.

பள்ளியில் இதெல்லாம் சொல்லித் தரக்கூடாதா என்பார்கள். சொல்லித் தருகிறார்கள். இடைநிலைப் பள்ளிக் கணிதத்தில் மூன்றாம் படிவத்தில் சேமிப்பு, முதலீடு, கடன். நான்காம் படிவத்தில் நிதி நிர்வாகம். ஐந்தாம் படிவத்தில் காப்புறுதி, வரி. பாடம் நல்ல பாடம். ஆனால் மாணவன் அதைச் சூத்திரமாகப் படித்து, தேர்வில் எழுதி, புள்ளி வாங்கி, மறந்துவிடுகிறான். அப்பாவின் சம்பளச் சீட்டையோ அம்மாவின் அடகுச் சீட்டையோ வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லும் ஆசிரியர் எத்தனை பேர்? 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம்தான் இன்று இவ்வூரின் பல்கலைக்கழகம். நாட்டின் வகுப்பறைகளுக்கு ஆசிரியர்களை அனுப்பும் இடம், தமிழாசிரியர்களையும் சேர்த்துத்தான். அங்கே படிக்கும் பிள்ளைகள் பலர் பதினெட்டு, பத்தொன்பது வயதில் வாழ்க்கையின் முதல் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வகுப்புக்குள் நுழைகிறார்கள். அந்த பி.டி.பி.டி.என். ஒப்பந்தத்தையே முதல் பாடப்புத்தகமாக வைத்தால் என்ன? தன் கடனைப் படித்தறிந்த ஆசிரியர் நாளைக்கு நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்கோடு காரியத்தையும் சொல்லித் தருவார்.

அரசாங்கம் சும்மா இல்லை. 2016இல் பேங்க் நெகாராவும் பங்குப் பத்திர ஆணையமும் சேர்ந்து நிதிக் கல்விக்கு ஓர் அமைப்பை உருவாக்கின. 2019இல் ஐந்தாண்டு தேசிய வியூகம் வந்தது. கையேடுகள், காணொளிகள், கண்காட்சிகள். தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த அம்மாவுக்கு இவற்றில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது வேறு விஷயம்.

இனி, கடனில் மூழ்கியவர்களைப் பற்றி. நம்மிடம் கடனைவிடக் கடன் வெளியே தெரிந்துவிடும் என்ற வெட்கம் பெரிது. வங்கிக்குப் போனால் மறுத்துவிடுவார்கள், உறவுக்காரர் முகம் சுளிப்பார்கள். உரிமமில்லா வட்டிக்காரரான ஆலோங் மட்டும்தான் எந்தக் கேள்வியும் கேட்காமல் அரைமணியில் பணம் தருகிறவர். அவருடைய வியாபாரமே நம் வெட்கத்தின் மேல் நடக்கிறது. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல், ஈடு உள்ள கடனுக்கு 12க்கு மேல் வாங்கக்கூடாது. ஆலோங் வாரத்துக்கு வாங்குவதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏ.கே.பி.கே. என்று பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய கடன் ஆலோசனை முகமை இருக்கிறது. ஈப்போவில் கிளை உண்டு. கட்டணம் இல்லை. வங்கிகளோடு பேசி, கட்ட முடிந்த தவணையாகக் கடனை மாற்றியமைத்துத் தருவார்கள். ஆனால் அவர்களால் உதவ முடிவது பெரும்பாலும் வங்கிக் கடனுக்குத்தான். ஆலோங்கிடம் போய்விட்டு அங்கே போனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே வரிசை முக்கியம்: தவணை தட்டும் முதல் மாதத்திலேயே ஏ.கே.பி.கே.

கூட்டுக் கட்டுகிறவர்களுக்கும் ஒரு சொல். பெண்கள் சேர்ந்து மாதம் நூறு, இருநூறு போட்டு நடத்தும் கூட்டு நம் பழைய சேமிப்பு முறை. எத்தனையோ கல்யாணங்கள் அதில் நடந்தன. ஆனால் அதைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே தடை செய்திருக்கிறது. இந்தியா 1982இல் சீட்டு நிதிச் சட்டம் போட்டுப் பதிவு செய்து நடத்த விட்டது. மலேசியா வேண்டாம் என்றது. கூட்டுத் தலைவி பணத்தோடு மறைந்துவிட்டால் நீங்கள் எந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போலீசுக்குப் போவீர்கள் என்பதை முதல் தவணைக்கு முன்பே யோசியுங்கள். வங்கியில் போட்டால் பி.ஐ.டி.எம். என்ற வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகத்தின் காப்புறுதி இருக்கிறது, ஓர் உறுப்பு வங்கிக்கு ஒருவருக்கு 2,50,000 வெள்ளி வரை. கூட்டுக்கோ, கூட்டுறவுச் சங்கப் பங்குக்கோ, யூனிட் டிரஸ்டுக்கோ அது கிடையாது.

இளைஞர்களுக்கு இன்னொன்று. “உன் ஏ.டி.எம். அட்டையைக் கொடு, மாதம் 300 வெள்ளி தருகிறேன்” என்று நண்பனே கேட்கிறான். அட்டை போன வழியில் மோசடிப் பணம் ஓடுகிறது. கடைசியில் நீதிமன்றத்தில் நிற்பது கணக்குக்குச் சொந்தக்காரன். 2024இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி இதற்கென்றே தனிப் பிரிவுகள் சேர்த்திருக்கிறார்கள். மோசடியில் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 997க்கு அழையுங்கள். 2022 முதல் இயங்கும் மோசடித் தடுப்பு மையம் அது. பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் அழைத்தால்தான் தடுக்க வழி.

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஆலய நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தன்முனைப்புப் பேச்சாளரை அழைத்து இரண்டு மணிநேரம் கைதட்ட வைப்பதை ஓர் ஆண்டு நிறுத்திவையுங்கள். அந்த நேரத்தில் இ.பி.எப்., சொக்சோ, ஏ.கே.பி.கே. அதிகாரிகளைக் கூப்பிடுங்கள், வருகிறவர்களைச் சம்பளச் சீட்டோடும் கடன் ஒப்பந்தத்தோடும் வரச் சொல்லுங்கள், தமிழில் விளக்க இரண்டு ஆசிரியர்களைப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

வாசகர்களுக்கு ஒன்று மட்டும். உங்கள் இ.பி.எப். கணக்கில் வாரிசுப் பெயர் பதிந்திருக்கிறீர்களா? பதியாமல் இறந்தவர்களின் பணத்தை எடுக்கக் குடும்பங்கள் அலுவலகம் அலுவலகமாக அலைகின்றன. பதிய ஒரு காசு செலவில்லை. இந்த வாரமே பதிந்துவிடுங்கள்.